அக்கட்டால ஏரி

முதுகு வலியா? சென்னியப்பனுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க.

அட, சும்மா சிரிச்சேன். வலிதான், வலிதான். ஓட்டல் வாசல்ல இடுப்பைப் புடிச்சுட்டு நின்னதை நீங்களும் பாத்தீங்கல்ல. பையைக்கூட நாந்தானே எறக்கி வெச்சேன். ரெண்டு நாள் மல்லாக்கப் படுத்துக் கெடந்தாச் சரியாயிரும். நாம அக்கட்டால போயி மீனைப் புடிச்சுட்டு, திரும்பி வரும்போது அவரை ஏத்திக்கலாம். நீங்க வெசனப்படாதீங்க. பெல்ட்டைச் சித்தெ தளத்திக்குங்க, இந்த வரிசை இப்போதைக்கு நகராது. லீவு நாள்ல இந்தப் பாலம் இப்படித்தான். இக்கட்டால அமெரிக்கா, அக்கட்டால கனடா, நடுவால நாம உக்காந்து வேடிக்கை பாக்கோணும். பின்னாடி படகு வேற இழுத்துட்டு வர்றோம், சந்துல பூந்து போகவும் முடியாது.

உங்களை மாமான்னு கூப்படலாமுங்களா? மொறைக்கு மச்சான்னுதான் வரோணும், வயசுல மூத்தவரு, மாமான்னே சொல்லிக்கறேன். சென்னியப்பன் எனக்குப் பங்காளி. ஒரே கூட்டம், ஒரே குலசாமி. அவரு புள்ளை மிருதுளாவை உங்க பையனுக்குப் பேசி முடிச்சாச்சு, ஆவணில நிச்சயம். அப்ப எனக்கும் நீங்க சம்பந்திதானே? அந்த உரிமைல பேசறேன். வெளியாளுன்னா நான் வாயே தொறக்கமாட்டேன். எங்கூட்டுக்காரி சாந்தாமணிகூடச் சொல்லுவா, உங்ககிட்ட ஒரு விசயத்தைப் போட்டா கெணத்துல போட்ட கல்லுன்னு.

என்னுங்க? ஏன் ஏரியை மாத்துனேன்னா? அதான் சாப்புடும்போதே சொன்னேனுங்களே. ஒத்தப்பனை ஏரி கேபின்ல தண்ணிக் கொழாய் ஒடஞ்சு போச்சு, அந்த ஆளு போன் பண்ணான். குளிக்கத் தண்ணி இல்லாத எடத்துக்குச் சிகாகோவிலிருந்து வந்த ஒறம்பரையைக் கூட்டிட்டுப் போக முடியுமா? நல்லவேளை, அக்கட்டால மொட்டப்பாறை ஏரில எடம் கெடைச்சுது. நீங்களே சொன்னீங்கல்ல, கனடாப் பக்கம் காலே வெச்சதில்லைன்னு. சொன்னப்ப உங்க மொகத்துல ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைப் பாத்ததுக்கப்புறம் எனக்கு வேற நெனப்பு வருமா?

ஒத்தப்பனைன்னதும் நெசமாவே பனை நிக்குதுன்னு நெனச்சுக்காதீங்க. அந்தப் பக்கம் பனை எங்கிருந்து வரும்? கரையில ஒத்தையா ஒரு பைன் மரம் நிக்கும், எளைச்சுப் போயி, மண்டைல மட்டும் கொஞ்சம் எலையோட. சென்னியப்பன் பாத்துட்டு நம்மூருப் பனையாட்டம் இருக்குதுங்ணான்னாரு, அதுவே பேராயிருச்சு. இந்த ஏரிப் பேரெல்லாம் வாயில நொழையாதுங்க. அதனால நாங்களே பேரு வெச்சுக்குவோம். மொட்டப்பாறை, நாய்நாக்கு, கொசுக்கடிச்சான். அவருக்கு அதுல நெம்பப் பிரியம். ஏரிக்குப் பேரு வெக்கறதுலயே காலத்தைப் போக்குனா மீன் எப்பப் புடிக்கறது?

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாதுல்ல. வருசா வருசம் பொங்கலன்னைக்கு மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் எங்கூட்டு டைனிங் டேபிள்ல மேப்பை விரிப்போம். அந்த மேப்புல வடக்கால போகப் போக நெலத்தைவிடத் தண்ணி எச்சுங்க. போன வருசம் எவன் பெரிய மீன் புடிச்சானோ அவந்தான் வெரல் வெக்கோணும். வெரல் எந்த ஏரில நிக்குதோ அந்த ஏரி. அப்பீல் கெடையாது. அந்த வழக்கத்தைக் கொண்டாந்ததே நாந்தான்.

ஏரி எடுக்கறது லேசுப்பட்ட சமாச்சாரமில்லைங்க. ஆழம் பாக்கோணும். அடியில பாறையா சேறான்னு பாக்கோணும். படகு எறக்கத் தோது இருக்குதா, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும், பக்கத்துல எவனாச்சும் வந்து மோட்டாரைப் போட்டு உறுமுவானா, எல்லாம் பாக்கோணும். மேல பாத்தாத் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும். அடியில என்ன கெடக்குதுன்னு விசாரிச்சவனுக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாததா? பையனுக்குப் பொண்ணு பாத்தவரு நீங்க. விசாரிச்சுத்தானே பாத்தீங்க?

விசாரிச்சீங்கல்ல?

இல்ல, சும்மா கேட்டேன். கோயமுத்தூர்ல விசாரிச்சிருப்பீங்க, சென்னியப்பனோட அப்பாரு தோட்டம் தொரவு, எல்லாம் சரியாத்தான் இருக்கும். நல்ல குடும்பம், நான் இல்லைங்கலை. இங்க யாரை விசாரிச்சீங்க? எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கோணும்னு இல்லை. எம்புள்ளை நிவேதா ஜாதகந்தான் மொதல்ல உங்களுக்கு வந்துது. பொருத்தமில்லைன்னு சொல்லிப்போட்டீங்க. செரி, நட்சத்திரம் சேரலைன்னா என்ன பண்றது? எனக்கு மனசுல ஒண்ணுமில்லைங்க. சாந்தாமணிதான் ரெண்டு நாள் சாப்புடாமக் கெடந்தா. உங்க பையனோட விவரம் எங்கூட்டு டேபிள் மேலதான் கெடந்துது, பொங்கலுக்கு வந்த சென்னியப்பன் அதைப் பாத்துட்டு, இது யாருங்ணா, நம்ம மிருதுளாவுக்குப் பாக்கலாமுங்களான்னு எங்கிட்டயே கேக்கறாரு! எங்க டேபிள்ல, எங்கூட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு! தாராளமாப் பாருங்க தம்பின்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அதுதானுங்க பங்காளிக்குப் பங்காளி செய்யறது. அதே மத்தியானந்தான் அவரு வெரலும் வெச்சாரு, ஒத்தப்பனைல. போன வருசம் அவரு மீனு என் மீனைவிட ஒரு வெரக்கடை எச்சாம். வாலை இழுத்துப் புடிச்சு அளந்தா எந்த மீனும் எச்சாத்தான் இருக்கும்.

இதா, ஒரு வண்டி நகருது. ம், நகந்துது, நின்னுருச்சு.

அவரை நான் தப்பாச் சொல்லலைங்க. வெவரமான ஆளு, தங்கமான கொணம். சொல்லப்போனா எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் ஓட்டல்ல எறங்குனாரு. நான் சொல்லமாட்டேன்.

என்ன வாக்கா? அட, வாய்தவறி வந்துருச்சு. விட்டுத் தள்ளுங்க.

இல்லீங்க, கேக்காதீங்க. ஓட்டல்ல ஐஸ் பொட்டி வெச்சிருக்கற மூலைக்கு என்னைக் கூட்டிட்டுப் போயி ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. ஒரு ஆம்பளை, அம்பது வயசு தாண்டுன மனுசன், என் கையைப் புடிச்சுட்டு அழுவறாரு. அண்ணா, மாமாவை நல்லபடியாக் கூட்டிட்டுப் போங்க, எனக்கு முதுகு வலின்னு சொல்லிக்கறேன், அவருக்கு மட்டும் தெரியப்படாதுங்கறாரு. நான் ஏன் தம்பி சொல்றேன், எம்புள்ளை வேற உம்புள்ளை வேறயான்னேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்.

நீங்க இப்படி மொகத்தையே பாத்துட்டு இருந்தா எனக்கு என்னமோ பண்ணுதுங்க.

மாமா, வர்ற வழில இன்னொரு பெரிய பாலம் தாண்டுனோமே, மத்தியானம் அதுக்கு மின்னாடி சாப்புட உக்காந்தோமுங்களே, அப்ப உங்க தம்பி சமாச்சாரம் சொன்னீங்க. அவிநாசி ரோட்டுல ஓரமா நின்னுட்டு இருந்த பையனை எவனோ குடிச்சுட்டுக் காரை ஓட்டி வந்து அடிச்சுப் போட்டுட்டுப் போனான்னு. அதுலருந்து எங்கூட்டுல குடிக்கறவன் வாசப்படி மிதிச்சதில்லை, கொண்டான் குடுத்தான்னாலும் அந்த ஒண்ணை மட்டும் விசாரிச்சுப்போடுவோம்னீங்க. சென்னியப்பனைப் பாத்தேன். தலையைக் குனிஞ்சுட்டு உருளைக்கெழங்கைக் கிண்டிட்டு இருந்தாரு. எனக்குச் சோறு எறங்கலைங்க. எந்திரிச்சுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்துதான் ஏரியை மாத்தோணும்னு சொன்னேன்.

ஆமா, போன் வந்துதுன்னு சொன்னேன்.

என் போனு வண்டில சார்ஜ்ல கெடந்துதா? அதையும் கவனிச்சுட்டீங்களா? சிகாகோக்காரரு கண்ணு சும்மா இருக்குமா! செரி, போன் வரலைன்னே வெச்சுக்குங்க. கொழாயும் ஒடையலைன்னே வெச்சுக்குங்க. அதனால இப்ப என்ன கொறைஞ்சு போச்சு? மொட்டப்பாறைல கேபினை ஒரு மாசத்துக்கு மின்னாடியே போட்டு வெச்சுட்டேன். எதுக்கும் பாஸ்போர்ட்டு எடுத்துட்டு வாங்கன்னு உங்களுக்கு நாந்தானே போன்ல சொன்னேன்? எதுக்கும் ரெண்டு ஏரி கைல இருக்கோணுமுங்க. ஏரி எடுக்கறவன் அப்படித்தான் ரோசிப்பான்.

மாமா, நான் ஒண்ணு கேக்கறேன், நீங்களே பதில் சொல்லுங்க. அமெரிக்காக் குடியுரிமை இருக்கற ஒரு மனுசன், மீன்னா உசுரை விடற மனுசன், சம்பந்தியாகப் போறவரோட ரெண்டு நாள் ஒண்ணா இருந்து பழகோணும்னு ஆறு மாசமாத் துடிச்ச மனுசன், பாலத்துக்கு இக்கட்டாலயே எறங்கிக்கறேன்னா என்ன அர்த்தம்? கனடாக்காரன் யாரை உள்ள விடமாட்டான்? கொலைகாரனை விடமாட்டான். திருடனை விடமாட்டான். அப்புறம் இன்னொரு சாதி ஆளு இருக்குது, அவனையும் விடமாட்டான். பேரைத் தட்டுனா கம்ப்யூட்டர்ல வந்துரும். வண்டியை ஓரமா நிறுத்துன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போயிருவான்.

நான் பேரு சொல்லலை. நீங்களா ரோசிச்சுக்குங்க.

ஆமாங்க.

ஆமாங்க மாமா. அதேதான். குடிச்சுட்டு ஓட்டுன கேசு.

பாத்தீங்களா, நீங்களாத்தானே சொன்னீங்க? என் வாயில வரலை.

இல்லைங்க, பொய்யெல்லாம் இல்லை. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? எங்கூட்டுலருந்து போனப்பத்தானே புடிச்சாங்க! அது ஆச்சுங்க ஒரு ஏழெட்டு வருசம். தீவாளி. நாங்க புதுசா ஊடு கட்டிக் குடி போயிருந்தோம். அவரு சம்சாரம் கோகிலாமணி ஊருக்குப் போயிருந்துது, அவங்கப்பாருக்கு ஒடம்பு சரியில்லைன்னு. ஒத்தையா உக்காந்திருப்பாரேன்னு நாந்தான் வரச்சொன்னேன். அவரு அப்பெல்லாம் ஒரு ரவுண்டுதான். போதுமுங்ணா போதுமுங்ணான்னு கிளாசைக் கையால மூடுவாரு. நோம்பி நாளும் அதுவுமா ஒரு கிளாசோட உடறதுக்கு நானென்ன பிச்சைக்காரனா? கையை எடுத்துட்டு ஊத்துனேன். அப்படி உபசாரம் பண்ணி வெச்சிருக்கறேன் அந்த மனுசனை.

கெளம்பற நேரத்துக்குச் சோபால சித்தெ சாஞ்சுக்கட்டுங்ணா, காலைல போறேன்னாரு. அன்னைக்குத்தான் வந்த சோபாங்க, வெள்ளைத் தோலு. அதுவுமில்லாமக் காலைல சாந்தாமணியோட அண்ணனூட்டு ஆளுக வர்றாங்க, ஒருத்தன் குடிச்சுட்டு நடு ஹால்ல உருண்டு கெடந்தா என்ன நெனைப்பாங்க? அவ சொன்னா, பாவம், கெடந்துட்டுப் போகட்டுமுன்னு. பொம்பளைகளுக்கு என்ன தெரியும்? இருவது நிமிசத் தூரந்தானே தம்பி, கண்ணாடியை எறக்கி உட்டுட்டு ஓட்டுங்க, காத்து அடிச்சாத் தெளிஞ்சுரும்னு சாவியை எடுத்து நாந்தான் கையில குடுத்தேன். கார் வரைக்கும் கூட வந்து கதவைச் சாத்தி உட்டேன். எங்க தெருமொனைல ராத்திரில போலீஸ் நிக்கும். எனக்குத் தெரியும், எங்க ஏரியா இல்லையா. சொல்ல மறந்து போச்சு.

என்ன ஆச்சுன்னா, ஒண்ணுமில்லை. திரும்பறப்ப ஒரு தபால் பொட்டி மேல ஒரசிட்டாரு. பொட்டி சாஞ்சுது. ஒருத்தருக்கும் காயமில்லை. ஆனா நீங்க அப்படிப் பாக்கப்படாதுங்க மாமா. அந்தப் பொட்டி நின்ன எடத்துல ஒரு ஆளு நின்னுருந்தா? அதைத்தானே ரோசிக்கோணும்? யாரோ பெத்த புள்ளை, ரோட்டோரமா நின்னுருந்தா? உங்க தம்பியாட்டம்?

செரி, செரி. தண்ணி குடிங்க. பின் சீட்டுல பாட்டில் இருக்குது.

அதுக்கப்பறம் அவரு ஒரு சொட்டுத் தொடலை. அது வேற சமாச்சாரம். தப்புப் பண்ணவன் பயப்படத்தானே செய்வான்? கோகிலாமணிக்கு இன்னும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். ஸ்டேசன்லருந்து எனக்குத்தான் போன் பண்ணியிருக்காரு, நான் தூங்கிட்டேன். காலைல போயிக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம், வெளிய சொல்லீறாதீங்ணா, வெளிய சொல்லீறாதீங்ணா. இத்தனை வருசம் சொன்னனா? யார்கிட்டயாச்சும்? கெணத்துல போட்ட கல்லுங்க நான்.

ஆனா ஒரு வேடிக்கை கேளுங்க. அடுத்த பொங்கலுக்கு என் வெரலு. நாய்நாக்கு ஏரி மேல வெச்சேன், அக்கட்டால. எப்பவும் நாங்க அக்கட்டால போறதுதான். கோடைல கெளம்பற நாளைக்கு அவரு, அண்ணா, முதுகு புடிச்சுக்கிச்சுங்கறாரு. நம்பிட்டேன். அதுக்கு அடுத்த வருசம் கனடாக்காரன் இந்தக் கேசுக்காரங்களை உடமாட்டான்னு எவனோ பேசிட்டு இருந்தான், அப்பத்தான் எனக்கு வெளிச்சமாச்சு. ஓகோ! அந்தப் பொங்கலுக்கும் என் வெரலு. மறுக்கா அக்கட்டால. வெரலை மேப்பு மேல மெதுவாக் கொண்டு போவேன். இக்கட்டாலயே சித்த நேரம் சுத்துவேன். அவரு மூச்சுக்கூட உடமாட்டாரு. அப்புறம் சரக்குனு கோட்டைத் தாண்டி வெச்சிருவேன். மனுசன் மொகத்தைப் பாக்கோணுமே! சிரிச்சுட்டே, நல்ல ஏரிங்ணாம்பாரு. கெளம்பற வாரத்துல அவங்கம்மாவுக்குத் தெவசம் வந்துரும். அதுக்கு அடுத்த வருசம் ஆபீசுல அவசர வேலை. அந்த வருசம் என்ன பொய்யோட வர்றாருன்னு பாக்கறதுக்கே எனக்குக் கோடை எப்ப வருமுன்னு இருக்கும்.

சிரிப்பு வரலையா? அட, பங்காளிக்குள்ள இதெல்லாம் ஒரு வெளையாட்டுதானுங்களே.

கடைசில அவரே வந்து சொல்லிட்டாரு. அண்ணா, என்னால அக்கட்டால வர முடியாது, இந்தக் கேசுதான் காரணம், இக்கட்டாலயே ஏதாச்சும் ஏரி எடுங்கண்ணான்னு கெஞ்சுனாரு. செரின்னு எறங்கி வந்தேன். அவருக்காகக் கொசுக்கடிச்சான்ல கெடந்து கடிபட்டேன். எந்த அண்ணன் செய்வான்? செஞ்சதுக்கு என்ன கெடைச்சுது? என் படகுல உக்காந்து, என் தூண்டியை வாங்கி, என்னைவிடப் பெரிய மீனைப் புடிச்சுட்டு, என் டேபிள்ல உக்காந்து வெரல் வெக்கறாரு. அதே டேபிள்லருந்து உங்க பையன் விவரத்தையும் எடுத்துட்டுப் போறாரு. ஒவ்வொண்ணாப் பாருங்க, நான் வயித்தெரிச்சல்ல பேசலை, நடந்ததைச் சொல்றேன்.

என்னுங்க? நம்ப முடியலையா?

நான் கட்டிச் சொல்றேனா? நானா? எம்புள்ளை ஜாதகம் பொருந்தலைங்கற ஆத்தரத்துலயா? மாமா, வார்த்தையை அளந்து பேசுங்க. இத்தனை நேரமும் உங்களை மாமான்னு கூப்பிட்டுட்டு இருக்கேன். நான் ஒரு பொய் சொல்லிப் பொழைக்கோணுங்கற நெலைமைல இல்லை.

செரி. நம்பவேண்டாம். இருங்க, போன்ல கூப்படறேன். அவரு வாயாலயே கேளுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். நீங்க கம்முனு இருக்கோணும். இருமப்படாது, மூச்சு உடற சத்தம்கூடக் கேக்கப்படாது. வேண்டாமா? என்னைப் பொய்யன்னு சொல்லிப்போட்டு வேண்டாமுன்னா எப்படிங்க? மணி அடிக்குது. கம்முனு இருங்க.

“அண்ணா! தாண்டிட்டீங்களா?”

எங்க தம்பி, இன்னும் பாலத்துக்கே வரலை. பாலத்துக்கு மின்னாடி வரியில்லாமச் சாமான் விக்கற கடை இருக்குதே, அங்க நிக்கறோம். மாமா உள்ள போயிருக்காரு, பேத்திக்குச் சாக்லேட்டு வாங்கறாரு. உங்க முதுகு எப்படி இருக்குதுன்னு கேக்கலாமுன்னு கூப்பிட்டேன்.

“முதுகுக்கு என்னங்ணா, நீங்க வேற. அண்ணா, மாமா ஏதாச்சும் கேட்டாருங்களா? நான் எறங்குனதைப் பத்தி?”

என்ன கேப்பாரு? ஒண்ணும் கேக்கலை. ஏன் தம்பி, என்ன கேக்கறதுக்கு இருக்குது?

“அதுதானுங்ணா. அந்தச் சமாச்சாரம்.”

எந்தச் சமாச்சாரம்? இங்க வண்டிச் சத்தம், காதே கேக்கலை. சித்தெ கனமாச் சொல்லுங்க.

“அந்தத் தீவாளி கேசுங்ணா. உங்கூட்டுலருந்து குடிச்சுட்டு வர்றப்பப் போலீஸ்ல மாட்டுனனே. மத்தியானம் அவரு தம்பி செத்ததைச் சொன்னாருங்களே, எனக்கு உசுரே போயிருச்சுங்ணா. நான் மறைச்சதே தப்பு. ரூம்ல உக்காந்து ரோசனை பண்ணிட்டே இருந்தேன். நீங்க திரும்பி வந்ததும் அவருகிட்ட நானே சொல்லிப்போடறேன். கால்ல விழுந்தாலும் சரி. அவரு வேண்டாமுன்னா வேண்டாம், என்னால ஏமாத்த முடியாது. அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சா அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? நானே சொன்னேன்னு இருந்தா, எம்புள்ளைக்காச்சும் ஒரு வழி பொறக்கும். அது அந்தப் பையன் மேல உசுரையே வெச்சிருக்குதுங்ணா. ரெண்டு நாளு, ரெண்டே நாளு, நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்.”

நானா தொறப்பேன்?

“தெரியுமுங்ணா. நீங்க இல்லைன்னா அன்னைக்கே நான் செத்திருப்பேன். கூடப் பொறந்தவங்ககூட இப்படிக் காப்பாத்த மாட்டாங்க. மாமாவை நல்லாப் பாத்துக்குங்க. அவருக்குக் குளிருக்கு என் கம்பளியை எடுத்து வெச்சிருக்கேன், பின்னாடி சீட்டுல இருக்குது பாருங்க.”

செரி தம்பி. படுத்துத் தூங்குங்க. வெச்சர்றேன்.

கேட்டீங்களா? கேட்டீங்கல்ல? இப்ப யாரு பொய்யன்? நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க மாமா. அவரு வாயாலயே வந்துருச்சு. நாளைக்கு எவனாச்சும் இந்தத் தங்கமுத்து பங்காளி குடியைக் கெடுத்தான்னு என்னைச் சொன்னா, நீங்கதான் சாட்சி.

அவரே சொல்றேன்னாரா? அட, நீங்க ஒண்ணு. மாட்டிக்கிட்டவன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான். அதுவுமில்லாம இனி அவரு என்னத்தைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரிஞ்ச விசயந்தானே? தெரிஞ்சதைச் சொன்னா அது சொன்ன கணக்குல வருமா?

ஐயோ, கதவைத் தொறக்காதீங்க! பாலத்து மேல எறங்கப்படாது, போலீஸ் வந்துருவான். திருப்பவும் முடியாதுங்க, ஒருவழிதான். இங்கிருந்து அக்கட்டால போயித்தான் ஆகோணும். ரெண்டு நாள் இருங்க. நல்ல ஏரி, ஒரு ஈ காக்கா இருக்காது, ஆறப்போட்டு ரோசிக்கலாம். ஊட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணோணும்னா இப்பவே பண்ணிருங்க, அங்க சிக்னல் இருக்காது.

பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. நான் ரேடியோவை நிறுத்திக்கறேன்.

ம்.

ம், இந்தச் சம்பந்தம் வேண்டாமுன்னு சொல்லியாச்சா? அதுதானுங்க நல்லது. பேச்சோட நின்னு போச்சு, நிச்சயத்துக்கப்பறம்னா அந்தப் புள்ளைக்கில்லே அசிங்கம். மிருதுளா சின்னப் புள்ளை, ரெண்டு நாள் அழுவும், அப்புறம் மறந்துரும்.

இதா, நம்ம மொறை வந்துருச்சு. கண்ணைத் தொடச்சுக்குங்க மாமா. ஆபீசர் குனிஞ்சு மொகத்தைப் பாப்பான், அழுதிருந்தா ஆயிரம் கேள்வி கேப்பான். எதுக்குப் போறீங்கன்னா மீன் புடிக்கன்னு ஒரே வார்த்தை, அவ்வளவுதான். மத்ததை நான் பேசிக்கறேன்.